படத்தில் ஏன் எப்போதும் பெருக்கு?

9 ஜூன் 2019 (ஒரு வாசகர் கேட்டது)

எதிர்கால நகரம் பற்றி வரும் கதைகளையும், அரசாங்கங்கள் வெளியிடும் திட்டப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதையில் கரையோர நகரம் மூழ்கிவிடுகிறது. திட்டத்தில் அதே நகரம் சிங்கப்பூர் ஆகிவிடுகிறது. நடுவில் ஒன்றுமே கிடையாதா? ரங்கூனில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், உங்கள் ஆற்றங்கரை இதில் எந்தப் பக்கம் போகிறது?

10 ஜூன் 2019

ரங்கூனில் இருப்பவன் நான். எங்கள் ஆற்றங்கரை எந்தப் பக்கமும் போகவில்லை. வேலிக்குப் பின்னால் இருக்கிறது.

ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் பர்மியப் பெயர் கன்னார் லான், கரையோரச் சாலை. பெயரில்தான் கரை. 1901இல் கட்டிய ஸ்ட்ராண்ட் ஹோட்டல் வாசலில் நின்று பாருங்கள். முதலில் லாரி, பிறகு சுவர், பிறகு கிடங்கு, அதன் தலைக்கு மேல் கன்டெய்னர். ஆறு இருக்கிறது என்பது கப்பல் ஊதினால்தான் தெரியும். ஊருக்குள் தண்ணீரைக் கையால் தொட வேண்டுமானால் பன்சொடான் படகுத்துறை, பொட்டட்டாங் பகோடாப் பக்கம், இன்னும் சில சின்னத் துறைகள். அவ்வளவுதான்.

இப்போது பேச்செல்லாம் எதிர்க்கரையில் வரப்போகும் புதிய யாங்கூன் நகரத்தைப் பற்றி (ரங்கூனின் இன்றைய பெயர்தான் யாங்கூன்). முதல் கட்டம் மட்டும் 20,000 ஏக்கர். படங்களை நானும் பார்த்தேன். கண்ணாடிக் கோபுரம், புல்தரை, பலூன் பிடித்த குழந்தை (இந்தக் குழந்தை எல்லா நாட்டுத் திட்டத்திலும் வரும், இன்னும் வளரவில்லை). நான் பார்த்தது தண்ணீரை. கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி நிற்கிறது.

உடனே என் அத்தை கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் மனதில் வந்தது: இது எத்தனை மணிக்கு எடுத்த படம்?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். ரங்கூன் கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தாலும் ஆறு கடலின் பேச்சைத்தான் கேட்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஐந்தரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டு மாடி உயரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்கும். எங்கள் வீட்டில் பெருக்கு, வத்தம் என்போம். வத்தத்தில் கரை என்பது சேறு. பழுப்பு, வழவழப்பு, நண்டு வளை, அறுந்த செருப்பு.

அத்தை டலாவில் இருக்கிறார். தினம் காலையில் ஆற்றைத் தாண்டி வந்து தோசை சுட்டு விற்கிறார். மாவுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி ஏறுகிறவருக்குக் கடிகாரத்தைவிட வத்தம் முக்கியம். பெருக்கில் மிதவைக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பாலம் படுத்திருக்கும். வத்தத்தில் அதே பாலம் ஏணி. நாற்பதடி ஏணி.

ஆகவே வாசகரே, உங்கள் நடுவில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டப் படத்தில் எப்போதும் பெருக்கு. கதையில் எப்போதும் வெள்ளம். வத்தத்தை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

11 ஜூன் 2019

"மிதவைதான் தண்ணீரோடு ஏறி இறங்குமே, பிறகு என்ன கஷ்டம்?" என்று மோல்மேன் தம்பி கேட்கிறார். மிதவை இறங்கும் தம்பி, கரை இறங்காது. மாவுப் பானை போக வேண்டியது கரைக்கு.

நாற்பதடி என்று எழுதியது குத்துமதிப்பு. அளக்கவில்லை.

14 ஜூன் 2019

அன்று எழுதாமல் விட்ட ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. அந்தத் தாம்பாளத் தண்ணீரை வரைந்தவன் நான். இந்தத் திட்டத்துக்கு அல்ல, முன்பு.

நான் வரைபடக்காரன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய ஆள். டிரேசிங் தாள், ராட்ரிங் பேனா, பிளேடால் சுரண்டித் திருத்துவது. 1996ஐ மியன்மாவின் சுற்றுலா ஆண்டு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஹோட்டல் திட்டங்கள் மழைக்காளான் மாதிரி வந்தன. நான் வேலை பார்த்த இடத்தில் ஆற்றோர ஹோட்டல் ஒன்றுக்கு வண்ணப் படம் போடச் சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு. ஆகவே பார்த்தபடியே வரைந்தேன்: சேறு, சேற்றில் சாய்ந்து கிடக்கும் இரண்டு சம்பான் படகு, கொஞ்சம் தள்ளி வரிவரியாகத் தண்ணீர்.

பெரியவர் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "தம்பி, கல்யாணப் பொண்ணைத் தூங்கி எழுந்த முகத்தோட படம் எடுப்பாங்களா? தண்ணியை ரொப்பு" என்றார். ரொப்பினேன். சேற்றின் மேல் நீலம் ஏறவில்லை, அழுக்காகத் தெரிந்தது. வெள்ளை அடித்து, அதன் மேல் நீலம் போட்டேன். சம்பான்களும் அந்த வெள்ளைக்குள் போய்விட்டன. அவற்றை மறுபடி வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் வரையவில்லை. ஒரு பாய்மரப் படகு போட்டேன். இந்த ஆற்றில் அந்த மாதிரி வெள்ளைப் பாய்மரம் நான் பார்த்ததே கிடையாது. ஏதோ காலண்டரில் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள். ஒன்றில்கூட வத்தம் இல்லை. ஒருவரும் தடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் தடவைக்குப் பிறகு சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, கை தானாக நீலத்தை எடுத்தது.

அந்த ஹோட்டல் கட்டப்படவில்லை. படம் மட்டும் வெகுகாலம் வரவேற்பறையில் தொங்கியது.

16 ஜூன் 2019

"சிங்கப்பூர் படத்திலும் தண்ணீர் நிரம்பித்தானே இருக்கிறது, அங்கே நேரில் போனாலும் அப்படித்தான் இருக்கிறது" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு. இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டார்.

பதில்: சிங்கப்பூர்க்காரர்கள் வத்தத்தை நிறுத்திவிட்டார்கள். மரீனா விரிகுடாவின் வாயில் 2008இல் தடுப்பணை திறந்தார்கள். கடல் வெளியே, நல்ல தண்ணீர் உள்ளே. மழைத் தண்ணீர் மிஞ்சினால், கடல் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்து விடுவார்கள். கடல் ஏறியிருக்கும்போது பம்பு வைத்து வெளியே தள்ளுவார்கள். உள்ளே மட்டம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆக அந்தப் படம் பொய்யில்லை, அதற்கு ஒரு அணையின் விலை கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் இன்னொரு விலை: சிங்கப்பூர் ஆற்றை 1977இலிருந்து பத்து வருடம் சுத்தம் செய்தபோது, 1983இல் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மூட்டை தூக்கின கரையில் இன்று நண்டு வறுவலும் நாற்காலியும்.

நாம் கடன் வாங்குவது படத்தை மட்டும். அணை படத்துக்கு வெளியே இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று. ரங்கூனில் படம் காட்டும் அந்த நிரம்பிய நேரம் இருக்கிறதே, அது மழைக்காலத்தில் எங்களுக்குக் கெட்ட நேரம். ஊர் மழைத் தண்ணீர் எல்லாம் ஆற்றுக்குத்தான் வடிய வேண்டும். பெருக்கில் ஆறு வாங்கிக்கொள்ளாது. மழையும் பெருக்கும் ஒரே மணிக்கு வந்துவிட்டால் தெருவில் முழங்கால் தண்ணீர். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வத்தம் எப்போது என்றுதான் கேட்போம். பலூன் குழந்தை நிற்கிற அதே நேரத்தில் டவுனில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருகிறது.

17 ஜூன் 2019

இன்று பௌர்ணமி, விடியற்காலையிலிருந்து மழை. மேலே எழுதியதை நிரூபிக்க என் தெருவே முன்வந்துவிட்டது. செருப்பு ஒன்று போயிற்று.

23 ஜூன் 2019

கதைப் பக்கத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் வெள்ளைக்காரர்களின் மூழ்கிய நகரங்களை மனதில் வைத்திருப்பார். கோபுர உச்சி மட்டும் தெரிய, நடுவே படகு போகும் கதைகள். நமக்கு அதெல்லாம் பழைய சமாச்சாரம். புகார் மூழ்கியாயிற்று.

மணிமேகலையில் அது எப்படி மூழ்குகிறது என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். புயலால் என்றோ, பாவம் பெருகியதால் என்றோ நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சோழ ராஜா காணாமல்போன பிள்ளையைத் தேடி அலைகிறான். அந்தக் கவலையில் இந்திர விழா எடுக்கத் தவறிவிடுகிறது. சாபம், கடல் உள்ளே வந்துவிடுகிறது. நகராட்சி பாஷையில் சொன்னால், வருடாந்தரப் பராமரிப்பு விட்டுப்போனது. எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடித்தது. துக்கத்தில் இருக்கிற ஒரு அப்பன், விட்டுப்போன ஒரு வேலை, ஒரு நகரம். எதிர்காலக் கதை எழுதுகிறவர்கள் மூழ்குவதற்கு இவ்வளவு சாதாரணக் காரணத்தை வைப்பதில்லை.

அதே ஊரின் இன்னொரு படம் பட்டினப்பாலையில். துறைமுகத்தில் இறங்கும் சரக்குப் பட்டியல் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். கடல் வழி வந்த குதிரை, மிளகு மூட்டை, ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம். காழகம் கடாரம் என்பது பழைய உரை, பர்மா என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அது பர்மாதான், வாதாடிப் பயனில்லை. ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னால். உப்பு விற்று நெல் வாங்கி வந்த படகுகளைக் கரையோரக் கம்பத்தில், லாயத்தில் குதிரை கட்டுவது போலக் கட்டிவைக்கிறார்கள். படகு எங்கே நிற்கும், எதில் கட்டுவார்கள் என்று யோசித்த கவிஞன்! இருபதாயிரம் ஏக்கர் படத்தில் நான் தேடியும் கிடைக்காதது அந்தக் கம்பம்.

24 ஜூன் 2019

திருத்தம். தமிழாசிரியர் ஒருவர் தனியாக எழுதி என் காதைத் திருகியிருக்கிறார். "வத்தத்தை யாரும் பார்த்ததில்லை என்று எந்த வாயால் சொன்னீர்கள்? நெய்தல் திணையை என்ன செய்வது?" என்கிறார். சரிதான். ஓதம் ஏறுவதும் கழி வற்றுவதும் அங்கே பாட்டுக்குப் பாட்டு. அவன் தேர் கழி தாண்டி வர வேண்டும், ஓதம் ஏறினால் வர முடியாது, அவள் காத்திருக்க வேண்டும். அங்கே காதலே அலையட்டவணைப்படிதான் நடக்கிறது.

ஆகவே முதல் குறிப்பில் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். வத்தத்தைப் பார்த்தவர்கள் உண்டு. எதிர்காலத்தைப் பற்றி எழுதும்போதுதான் அது காணாமல்போகிறது.

3 ஜூலை 2019

"ஊரை முதலில் போட்டவர்கள் கரையை எப்படி நினைத்தார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரன் 1852இல் ரங்கூனைப் பிடித்தான். மறு வருடமே திட்டம் தயார். சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்த மான்ட்கோமரி என்ற டாக்டர் யோசனை சொன்னார், ஃப்ரேசர் என்ற ராணுவ இன்ஜினீயர் அதை எடுத்துக்கொண்டு வரைந்தார். சூலே பகோடாவை நடுவில் வைத்து, ஆற்றை ஒட்டிச் சதுரம் சதுரமாக. அகலத் தெரு, நடுத்தரத் தெரு, சந்து எல்லாம் அடிக்கணக்கில். தாளில் பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி சுத்தம். தரையில் அது சதுப்பு, ஓடை. மண் கொட்டிக் கொட்டித்தான் அந்தச் சதுரங்கள் நின்றன. அதுவும் அந்தக் காலத்து எதிர்காலக் கதைதான், பணம் கொடுத்து நிறைவேற்றிய கதை.

சரக்கு வேண்டும், ஆகவே கரை சரக்குக்கு. மனிதன் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கிலேயே இல்லை. இன்றைக்கு ஸ்ட்ராண்ட் ரோட்டில் நிற்கும் சுவரை யாராவது ஒரு அதிகாரி கெட்ட புத்தியில் கட்டினார் என்று நினைக்க வேண்டாம். அது திட்டத்தின் வயிற்றிலேயே இருந்தது.

என் தாத்தா பஸுண்டாவ் கால்வாய் ஓரம் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரிதான் கப்பலுக்குப் பணம் கட்டி ஊரிலிருந்து கூட்டி வந்தார், அந்தக் கடனை அடைக்கவே மூன்று வருடம் போனதாம். டவுன் துறைமுகத்தில் இறக்குக் கூலிகள் பெரும்பாலும் தெலுங்கர்கள். சம்பான் ஓட்டியவர்கள் சட்டகாங்காரர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930 மே மாதம் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை எடுத்தார்கள். பிறகு சமரசம் ஆகிப் பழைய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புது ஆட்களைப் போகச் சொன்னார்கள். அந்தக் காலையில் கரையில் ஆரம்பித்த அடிதடி ஊரெல்லாம் பரவிக் கொலையில் முடிந்தது. தாத்தா இரண்டு நாள் தவிட்டுக் குவியலுக்குப் பின்னால் கிடந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, அப்பா சொன்னதுதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் இப்போது கரையை மக்களுக்குத் திறக்க வேண்டும் என்கிறார்கள். யாங்கூன் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் 2012இலிருந்து நல்ல வேலை செய்கிறது, எனக்கு அதில் சண்டையில்லை. ஆனால் பழைய போட்டோவைப் பெரிதாக்கி மாட்டும்போது கட்டடம் முழுசாகத் தெரிகிறது, கூலி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறான். எதிர்காலப் படத்தில் அந்தப் பாதியும் இருக்காது. திறப்பது மாலை நடைக்கா, காலை மூட்டைக்கா? இரண்டுக்கும் என்றால் எத்தனை மணிக்கு எது?

4 ஜூலை 2019

மேலே உள்ளதைப் படித்துவிட்டு என் மைத்துனன் மகன் போன் செய்தான். "மாமா, நீங்க திட்டம் போடறவங்களைத் திட்டறதுக்கே பொறந்திருக்கீங்க. நைட் மார்க்கெட்டைப் பத்தி ஏன் எழுதல?" நியாயம். 2016 கடைசியில் டவுன் தெருக்களில் கடை போட்டவர்களை எல்லாம் ஸ்ட்ராண்ட் ரோட்டுக்கு மாற்றினார்கள். நான்தான் ஓங்கிச் சொன்னேன், அங்கே எவன் வருவான், லாரிதான் வந்து நிற்கும் என்று. அவன் அங்கே செல்போன் கவர் விற்கிறான். முதலில் ஈ ஓட்டினான். இப்போது வெயில் தாழ்ந்ததும் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். ஆறு தெரியாவிட்டாலும் ஆற்றுக் காற்று வருகிறது. என் கணிப்பு தப்பு, குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வியாபாரம் பூஜ்யம் என்பதையும் அவனே சொன்னான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7 ஜூலை 2019

வியாசர்பாடி அக்காவின் குறிப்புக்கு நன்றி. அவர் குடும்பம் 1964க்குப் பிறகு கப்பலேறிய குடும்பம். சொன்னது இது: மெட்ராஸ் மெரினாவின் அகலமான மணல் யாரும் திட்டம் போட்டு வந்ததில்லை. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக ஓடிவந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே தங்கிவிட்டது. கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டுப் பெயர் வைத்தார். வடக்கே மணல் போகாததால் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒருவர் வீட்டு முற்றம் இன்னொருவர் வீட்டுச் சுவர் என்றார் அக்கா. அந்தத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரில் அவர் சித்தப்பா கடை போட்டிருந்தார். ரங்கூன் கரையிலிருந்து துரத்தினால் மெட்ராஸ் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இதைத் திட்டத்தில் யார் வரைந்தார்கள்?

20 ஜூலை 2019

நேற்றுத் தியாகிகள் தினம், லீவு. டலாவுக்குப் போயிருந்தேன். ஜப்பான்காரர்கள் 2014இல் கொடுத்த செர்ரிப் படகில்தான் போனேன். பத்து நிமிஷம்கூட ஆகாது. அதற்குள் காடைமுட்டை, வெற்றிலை, பிளாஸ்டிக் விசிறி, பல்குச்சி எல்லாம் விற்று முடித்துவிடுவார்கள். குளிர்காலமாயிருந்தால் கடற்காக்கைகளுக்குப் பொரி எறிவார்கள். இறங்கினால் சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) ஓட்டுகிறவர்கள் கூட்டம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஐம்பது வருட வித்தியாசம் என்பார்கள், எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. டலாவில் இருப்பதும் 2019தான்.

பாலம் வருகிறது, கொரியக் கடனில். இந்த வருடம் வேலை ஆரம்பித்திருக்கிறது. அத்தையிடம், பாலம் வந்தால் உங்களுக்குச் சுகம்தானே என்றேன்.

"யாருக்குடா சுகம்? பஸ்ஸுல மாவுப் பானைக்கு டிக்கெட் கேப்பான். பாலத்து மேல பத்து நிமிஷம் யாரு கூடப் பேசறது?"

பிறகு அவரே, "ராத்திரி பிரசவ வலி வந்தா அப்ப பாலம் வேணும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பொண்ணை சம்பான்ல வெச்சிக்கிட்டுப் போனோம். வத்தம் வேற. சேத்துல எறக்கித் தூக்கிட்டுப் போனாங்க" என்றார்.

இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வாதாடுவது? நான் போனது பாலத்துக்கு எதிராக ஒரு வரி பிடிக்கத்தான், உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையன் நேற்று என் மடியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடுங்கினான்.

கிளம்பும்போது திட்டப் படத்தைப் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கத் தெரியாது, நான் செய்து காட்டினேன். "அழகா இருக்கு. இதுல நாங்க எங்க எறங்குவோம்?" என்றார். அடுத்த கேள்வி இன்னும் கஷ்டம்: "இதுல நம்ம வீடு எது?"

18 ஆகஸ்ட் 2019

நர்கிஸ் புயல் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர். எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

2008 மே 2 ராத்திரி. நான் டவுனில் நாலாவது மாடியில் இருந்தேன். தகரம் பறக்கும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம். விடிந்ததும் தெருவில் மரங்கள் வேரோடு படுத்திருந்தன, பெரிய பெரிய மரங்கள், வேரில் நடைபாதைக் கல்லைப் பிடித்துக்கொண்டே. ஆனால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை. லபுட்டா, போகலே பக்கம் கடல் உள்ளே போனது. டெல்டாவில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல்.

மூழ்கும் நகரக் கதைகளில் எனக்கு ஒட்டாதது இங்கேதான். கதையில் பெரிய நகரம் மூழ்குகிறது, அடையாளம் தெரிகிற கோபுரங்கள் வேண்டுமே. இங்கே மூழ்கியது நகரம் அல்ல. பெயரை வெளியூர்க்காரர் யாரும் கேள்விப்படாத கிராமங்கள். உயிரோடு மிஞ்சியவர்களில் எத்தனையோ பேர் பிழைப்புத் தேடி இந்த நகரத்தின் ஓரத்துக்கு வந்தார்கள். டலா பக்கம் தாழ்ந்த நிலத்தில் குடிசை போட்டவர்களில் அவர்களும் உண்டு.

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

5 செப்டம்பர் 2019

"குறை சொல்கிறீரே, நீர் ஒரு கதை எழுதிக் காட்டும்" என்ற சவாலுக்கு: எழுதியிருக்கிறேன் ஐயா. கோவில் திருவிழா மலரில், பல வருடங்களுக்கு முன்பு. தலைப்பு 'ரங்கூன் 2050'. தண்ணீர் மேல் ஓடும் ரயில், மாடியில் நெல் வயல், வானத்தில் காவடி (ஆமாம், காவடி பறந்தது, சிரிக்கலாம்). தேடி எடுத்து நேற்றுப் படித்தேன். கதாநாயகன் இன்ஜினீயர், ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். நான்கு இடத்தில் பெருமூச்சு. ஆற்றில் இறங்குகிறவர் ஒருத்தர் கிடையாது. ஆறு "நுரை ததும்ப நிறைந்து" இருக்கிறது. படத்தில் செய்த அதே வேலையை எழுத்திலும் செய்திருக்கிறேன். அப்போது யாரும் ரொப்பச் சொல்லவில்லை, பெரியவர் பக்கத்திலும் இல்லை.

இப்போது எழுதினால் எப்படி எழுதுவேன் என்று யோசித்தேன். 2050, கடல் மட்டம் ஒரு முழம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கு இன்னும் மேலே வரும். வத்தமும் இருக்கும், கொஞ்சம் குறைவாக. கதை அந்தக் குறைந்த வத்தத்தில்தான் இருக்க வேண்டும். முன்பு தெரு காய்வதற்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது, இப்போது ஒன்றேகால் மணிதான் கிடைக்கிறது. அதற்குள் கடை திறக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பிணத்தை எடுக்க வேண்டும். சிக்கல் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டாவது பக்கத்தில் நின்றுவிட்டது.

12 ஜனவரி 2024

இழை இன்னும் திறந்திருக்கிறது என்பதே ஆச்சரியம். கொரோனா வந்தது, பிறகு 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் 2050 பற்றிப் பேசத் தோன்றவில்லை, நாளைக்கு மின்சாரம் எத்தனை மணிக்கு என்பதே பெரிய எதிர்காலம். நம் இழையில் எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு நாட்டில். படத்திலிருந்த கண்ணாடிக் கோபுரம் எதுவும் எதிர்க்கரையில் எழும்பவில்லை. முன்பாக இருந்தால் நான் குஷியாக எழுதியிருப்பேன். இப்போது அந்தக் குஷி வரவில்லை. பொய்யான படமாவது மாட்டி வைத்தார்கள் என்று தோன்றுகிறது.

அத்தை தோசைக் கடையை நிறுத்திவிட்டார், முழங்கால். பானை என்னிடம் இருக்கிறது.

நேற்று அமாவாசை. மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லாமல் ஒரு சின்னத் துறைக்குப் போய் உட்கார்ந்து வரைந்தேன், பழைய ராட்ரிங் பேனா அடைத்துவிட்டது, பென்சிலால். நன்றாக வத்திக் கிடந்தது. சேறு, சாய்ந்த சம்பான் இரண்டு, ஒரு பையன் முட்டி வரை சேற்றில் இறங்கிக் கயிறு அவிழ்க்கிறான். மைத்துனன் மகனுக்கு அனுப்பினேன். (அவன் இப்போது மலேசியாவில்.) "சூப்பர் மாமா. முடிக்கலையா? தண்ணி போடாம விட்டிருக்கீங்க" என்று பதில் வந்தது.

முதல் குறிப்புக்குத் திருத்தம்: பாலம் நாற்பதடி இல்லை. காலால் அளந்தேன், ஐம்பத்திரண்டு வந்தது, என் பாதம் கொஞ்சம் சின்னது. வழுக்காமலிருக்கக் குறுக்கே அடித்த கட்டைகளை எண்ணினேன், 29. அத்தையிடம் சொன்னேன். 31 என்கிறார். நாளைக்கு மறுபடி போய் எண்ண வேண்டும், காலையில், வத்தத்தில்.